பதினேழு கைநாட்டு வைத்த ஜெபம்

நம் வயதுக்காரர்கள் ஒத்துக்கொள்வீர்கள், அந்தக் காலத்தில் மனு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்துவிட்டால் அந்தத் தெருவுக்கே ஒரு மிடுக்கு. எங்கள் தெருவில் அந்தப் பிள்ளை நான். ஐந்தாம் வகுப்பு. பாவாடை நாடாவில் பேனாவைச் செருகிக்கொண்டு திரிவேன். மை கசிந்து இடுப்பில் ஒரு நீலத் தீற்றல் எப்போதும் இருக்கும். அந்தப் பேனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கெங்கோ ஓடிவிடுவேன். இந்த வயதிலும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரிதான் பேசுகிறேன் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அறுவடைக் காலத்தில் நான் கடவுளுக்கு ஒரு மனு எழுதினேன். அதனால் பதினேழு வீட்டில் அடுப்பு எரியாமல் போனது.

வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், வாய்க்கால் கரையை ஒட்டி நாற்பது குடிசைகள். பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். தெருக்கோடியில் ஓடு போட்ட ஜெபக்கூடம். ஜெபக்கூடம் நின்ற மனை, குடிசைகள் நின்ற மனை, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வயல் எல்லாமே ஒரே மிராசுதாருக்குச் சொந்தம்.

புது ஆட்சி வந்திருந்த சமயம். டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்தது. மந்திரிகள் வந்தால் கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி மனுவை வாங்கிக்கொள்வார்கள். அதுவரை எங்கள் ஆட்கள் எதையும் எழுதிக் கேட்டதில்லை. கேட்பது என்றால் மிராசுதார் வீட்டுக் கொல்லைக்குப் போய், மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கமாகத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதுதான். அங்கிருந்து காகிதத்துக்கு வந்தது எவ்வளவு பெரிய தூரம் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தாலுகா ஆபீஸ் புளியமரத்தடியில் மனு எழுதுகிறவர் சொல்லிக்கொடுத்த முறை. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும். கைநாட்டுக்குக் கீழே பேரைத் தெளிவாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மனு செல்லாது. கடைசி விதியை அவர் இரண்டு முறை சொன்னார்.

என்னை அந்த மரத்தடிக்கு அழைத்துப்போனது அப்பா. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். ஜெபக்கூடத்துக்கு வரமாட்டார். வயலில் ஒருத்தனுக்குக் கும்பிடு போட்டது போதும், ஞாயிற்றுக்கிழமையாவது நிமிர்ந்து இருக்கிறேன் என்பார். ஆனால் அம்மாவையும் என்னையும் தடுத்ததில்லை. அவரிடமிருந்து எப்போதும் சேறும் பீடியும் கலந்த ஒரு வாசம் வரும். துண்டு முடிச்சில் ஏதாவது இருக்கும். ஒரு நாள் நாவற்பழம், ஒரு நாள் சுட்ட நண்டு. நான் அவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதாக ஞாபகம் இல்லை. பின்னால் போய்த் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்து, "அப்பா" என்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் குந்துவார். நான் தோளில் ஏறிக்கொள்வேன். வாய்க்காலைக் கடந்துவிடுவோம்.

அந்தத் தை மாதம் சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. விடிகாலைப் பனியில் வயல் முழுக்கப் பால் காய்ச்சுகிற மாதிரி ஒரு மணம். சங்கம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது. மிராசுதார் மறுத்து, வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். எங்கள் ஆட்கள் அரிவாள்களைத் தரையில் வைத்துவிட்டு வரப்பை மறித்து உட்கார்ந்தார்கள். நான் கஞ்சித்தூக்கோடு அங்கேதான் நின்றேன். அப்பாவின் அரிவாள் அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில், பிடி அவரைப் பார்க்க, கிடந்தது. போலீஸ் வேன் வந்து அப்பாவையும் வேறு நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போகிறவரை அது இடம் மாறவில்லை. நாலு பேர் ஒரு வாரத்தில் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர், தன்னை வெட்ட அப்பா அரிவாளை ஓங்கினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

முற்றிய நெல் கதிரிலிருந்து உதிர்ந்து கொட்டத் தொடங்கியது. வயிறு பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் பழைய கூலிக்கே அறுக்க இறங்கினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மாவும் போனாள்.

சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூலையில் முட்டிபோடுவாள். நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும் ஆண்டவரே என்று தொடங்குவாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பேசுகிற அதே குரல். முகம்கூட அதே மாதிரி தரையைப் பார்க்கும். இத்தனை நாள் கேட்டும் கிடைக்கவில்லையே, ஒருவேளை முறையாகக் கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

உபதேசியார் என்று நாங்கள் கூப்பிட்டவர்தான் ஜெபக்கூடத்தை நடத்தினார். ஒல்லியான, பயந்த மனிதர். எங்களைப் பாயில் உட்காரவைத்துப் பாடம் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன பாடம் இன்னும் காதில் இருக்கிறது.

"பிதா அன்பானவர். அப்பன் புள்ளைக்குக் குடுக்கற மாதிரி குடுப்பார். ஆனா மரியாதையா கேக்கணும்."

முதல் இரண்டு வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். பிதா என்றால் எனக்கு அப்பா இல்லை. பிதா கலெக்டருக்கு மேலே, மந்திரிக்கும் மேலே, கண்ணாடி இறங்காத ஒரு காருக்குள் இருந்தார். அப்படிப்பட்டவரிடம் மரியாதையாகக் கேட்பது எப்படி என்று அந்தத் தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். பெறுநர், உயர்திரு பிதா அவர்கள், பரலோகம். பொருள், அப்பாவை விடக் கோருதல். ஐயா, எங்கள் அப்பா அரிவாளை ஓங்கவில்லை. அது கீழேதான் கிடந்தது. காரியக்காரர் சொல்வது பொய். இதைக் கீழே கைநாட்டு வைத்திருப்பவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆகவே தங்கள் சமூகம் தயவுசெய்து எங்கள் அப்பாவை அறுப்பு முடிவதற்குள் விட்டுவிட உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள. நகல், இயேசு அவர்களுக்கு.

ஸ்டாம்ப் இல்லை. என்னிடம் ஒரே ஒரு வெளிநாட்டு ஸ்டாம்ப் இருந்தது. உபதேசியாருக்கு எப்போதோ வந்த கடித உறையிலிருந்து கிழித்துக் கொடுத்தது. பச்சை நிறத்தில் ஒரு பறவை, கால் விரல்கள்கூடத் தெரியும். உலகத்திலேயே எனக்கென்று இருந்த ஒரே சொத்து. அதைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். பாலிஷ் டப்பா மூடியில் மை நனைத்த துணியை வைத்துக்கொண்டு, அன்று வரப்பில் இருந்தவர்கள் வீடு வீடாகப் புறப்பட்டேன்.

யாரும் மறுக்கவில்லை. அப்பாவுக்காக என்றதும் விரலை நீட்டினார்கள். பாதிப் பேர் கலெக்டருக்குப் போகிறது என்று நினைத்தார்கள். நானும் விளக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் விடவில்லை. அவள் என் சிநேகிதியின் அம்மா. சிநேகிதி என் வகுப்புதான். முன்பல் விழுந்த இடைவெளியில் விசில் அடிப்பாள், என்னைவிட வேகமாக ஓடுவாள்.

"யாருக்குடி எழுதியிருக்க?" என்றாள் அத்தை.

"பிதாவுக்கு."

"உங்க சாமிக்கா? நீங்க அவரை அப்பான்னுல்ல சொல்லிக்குவீங்க. பெத்த அப்பனுக்கு எவளாச்சும் மனு எழுதுவாளா?"

"மரியாதையா கேக்கணும் அத்தை."

"ஒங்கப்பன்கிட்ட எப்புடிக் கேப்ப? துண்டைப் புடிச்சு இழுப்பியே, அதுல மரியாதை எங்கடி இருக்கு?"

எனக்கு அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே விரலை மையில் அழுத்தினாள். "சரி கொண்டா. எங்க மாரியாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒங்க ஆளாவது படிச்ச ஆளான்னு பாப்போம்."

அத்தையோடு சேர்த்துப் பதினேழு. ஒவ்வொரு ரேகைக்கும் கீழே பேரை முத்து முத்தாக எழுதினேன். இன்னாரின் மனைவி இன்னார், இன்னாரின் மகன் இன்னார். என் கையெழுத்து அவ்வளவு அழகு. ஆசிரியர்களே சொல்வார்கள்.

ஜெபக்கூடத்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு ஞாயிறு போயிற்று.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை. ஆட்கள் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள். நான் அம்மாவோடு போயிருந்தேன். காரியக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தூரத்திலிருந்தே எனக்குப் பச்சைப் பறவை தெரிந்தது. அவர் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் பேர்களைப் படித்தார். இன்னாரின் மனைவி இன்னார். இன்னாரின் மகன் இன்னார். பதினேழு பேரும் முடிந்ததும் காகிதத்தை மடித்தார்.

"நான் பொய் சொன்னேன்னு சாட்சி சொன்னவங்களுக்கு இங்க வேலை இல்ல. மேல மனு போட்டுருக்கீங்கள்ல, அங்கேருந்து நெல்லு வரும். போங்க."

வெளியூர் ஆட்களில் யாரோ சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெறுங்கூடையோடு வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நடந்தார்கள். அறுவடையில் கிடைக்கிற நெல்தான் எங்களுக்கு ஆறு மாதச் சோறு என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதம் அங்கே எப்படிப் போயிற்று என்று அன்றைக்கே தெரிந்தது. உபதேசியாரே எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னார். பெட்டியைத் திறந்தபோது மனுவைப் பார்த்திருக்கிறார். படித்துவிட்டு அழுதிருக்கிறார். இந்த ஜனங்கள் கலகக்காரர்கள் இல்லை, கடவுளிடம் மன்றாடுகிறவர்கள், ஒரு சின்னப் பிள்ளை எப்படி எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று மிராசுதாரிடம் நேரே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மிராசுதார் நகல் இயேசு அவர்களுக்கு என்ற வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு காரியக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தாராம்.

"மனசு எளகும்னு நெனச்சேம்மா," என்றார் உபதேசியார். அம்மா ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எத்தனையோ வருஷம் அவரை வெறுத்தேன். இப்போது நினைத்தால், நான் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். மேலே இருக்கிறவர் யாராயிருந்தாலும் அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினால் போதும் என்று இரண்டு பேருமே நம்பியிருந்தோம்.

பசி வந்தது. சிலர் வயல் நண்டு பிடித்தார்கள், சிலர் எலி வளையைத் தோண்டி நெற்கதிர் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு அதுவும் முடியவில்லை. கைக்குழந்தை வேறு. எட்டாம் நாள் காலை, கடற்கரைப் பக்கம் கருவாடு காயப்போடுகிற வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சட்டி பானையை மூட்டை கட்டினார்கள். கதவு என்று சொல்ல அவர்களிடம் இருந்தது ஒரு கீற்றுத் தட்டி. அதை வைக்கோல் பிரியால் கட்டினார்கள். சிநேகிதி போகும்போது என்னைப் பார்த்து விசில் அடிக்க முயன்றாள். வரவில்லை, காற்றுதான் வந்தது. எங்கே போகிறீர்கள், எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோடும் வாயை மூடாதவள் நான்.

அன்று மத்தியானம் காலி ஜெபக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தேன். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. சத்தமாகச் சொன்னேன். மேற்படி மனுவை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் ஐயா. அப்பாவை விட வேண்டாம். அப்பா ஜெயிலிலேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக அத்தை வீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்புங்கள். மற்றவர்களுக்கு வேலை கொடுங்கள்.

சொல்லிவிட்டேன். பெற்ற அப்பாவை விற்றுவிட்டேன் என்று உடனே உறைத்தது. அதையும் எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. எத்தனை முறை வாபஸ் வாங்கலாம் என்று மரத்தடிக்காரர் சொல்லித் தரவில்லை. தரையில் குப்புறப் படுத்தேன். சிமெண்டு சில்லென்று இருந்தது. அதற்கப்புறம் எனக்கு ஜெபம் என்று எதுவும் வரவில்லை. பிதாவே என்று நாக்கு எடுக்கும், அப்படியே நின்றுவிடும். அவர் காரியக்காரரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பதாகவே தோன்றும்.

பங்குனியில், வயலெல்லாம் மொட்டையாகிக் களத்து வேலையும் முடிந்த பிறகு, சங்கத்து வக்கீல் ஜாமீன் வாங்கி அப்பா வந்தார். பஸ் சத்தம் கேட்டும் நான் ஓடவில்லை. தெருவில் அவர் நடந்து வருவதை உள்ளேயிருந்து பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. வலது கை மடங்கி, அவருடைய துண்டாலேயே கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது. விழுந்துவிட்டேன் என்றார் அம்மாவிடம். அம்மா மேலே கேட்கவில்லை.

நான் நெற்குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொல்லி முடித்தாள். பிறகு அப்பா குதிரருகே வந்து குனிந்து பார்த்தார்.

"வா பாப்பா."

"மனுவ நான் வாபஸ் வாங்கிட்டேன்ப்பா. நீங்க வர வேணாம்னு சொல்லிட்டேன்."

இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நான் வந்துட்டேன்ல," என்றார். "எந்திரி. போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்."

இடது கையை என் பிடரியில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். முதல் வீட்டு வாசலில் நின்றார். துண்டு கக்கத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது. நிமிர்ந்துதான் நின்றார். ஆனால் குரல் தழைந்திருந்தது.

"எம்புள்ள செஞ்சது. என்னைக் காப்பாத்தணும்னு செஞ்சது. அவளை ஒண்ணும் சொல்லிராதீங்க. சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க."

ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார். சிலர் உள்ளே வா என்றார்கள். ஒரு பெரியவர், விடுப்பா, நாங்க கண்ணால பாத்ததைத்தானே அவ எழுதினா என்றார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஓர் அக்கா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒன் சங்கமும் சோறு போடல, ஒன் பொண்டாட்டி சாமியும் சோறு போடல. இப்ப நீ வந்து மன்னிப்பு போடுறியாக்கும்," என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் பேசி முடிக்கிறவரை நின்றார். என் பிடரியில் இருந்த கை அந்த நேரம் மட்டும் கொஞ்சம் இறுகியது. எடுக்கவில்லை.

பதினாறு வீடு முடிந்தது. பக்கத்து வீட்டுத் தட்டி வைக்கோல் பிரி அவிழாமல் அப்படியே இருந்தது. கூரைமேல் கோழி ஒன்று நின்றது. அப்பா அந்த வாசலிலும் நின்றார்.

"உள்ள யாரும் இல்லப்பா."

"தெரியும் பாப்பா. சொல்லிட்டுப் போவோம்."

தட்டியைப் பார்த்து அதே வார்த்தைகளைச் சொன்னார். எம்புள்ள செஞ்சது. அவளை ஒண்ணும் சொல்லிராதீங்க. அவசரமே இல்லாமல், உள்ளே ஆள் இருந்தால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார். பதிலுக்கு நிற்பதுபோல் நின்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தூளியாய்க் கட்டியிருந்த துண்டின் நுனி அவருடைய முழங்கைக்குக் கீழே தொங்கியது. என்னையும் மீறி அதைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"அப்பா."

வலியில் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. இருந்தும் குந்தினார். நான் ஏறவில்லை. அந்த முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். சேற்று வாசமும் இல்லை, பீடி வாசமும் இல்லை. ஏதோ ஜெயில் சோப்பின் வாசம்.

அவர் கை கடைசிவரை நேராகவில்லை. வயல் வேலைக்கு அதற்கப்புறம் போகவும் முடியவில்லை. ஜெபக்கூடத்துக்கும் கடைசிவரை வரவில்லை.

நான் வேலைக்குப் போன பிறகு, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கடற்கரை ஊர்களில் கருவாட்டுக் களங்களைச் சுற்றி விசாரித்தேன். உப்புக் காற்றில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். அத்தையும் அகப்படவில்லை, சிநேகிதியும் அகப்படவில்லை. அவள் உயிரோடு இருந்தால் என் வயதுதான்.

என்னோடு அந்தப் பாயில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களே, ஜெபிக்கிறாயா என்று கடிதத்தில் கேட்கிறீர்கள். தினமும் உட்காருகிறேன். பெறுநர் இல்லை, பொருள் இல்லை. சிநேகிதியின் பேரைச் சொல்கிறேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பல நாள் தெரிவதில்லை. தட்டி கட்டியேதான் இருக்கிறது. ஆனாலும் பிடரியில் ஒரு கையின் கனம் இருப்பதால், சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்கிறேன். அப்பா என்கிறேன். இழுக்கிறேன்.